சீருடையும் மஃப்டியும்: தெருவில் அதிகாரம் உடுத்திக்கொள்வது குறித்துச் சில குறிப்புகள்

1

படைவீரர்கள் பொது இடங்களில் சீருடையோடு நடமாடலாமா, கூடாதா? ராணுவங்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கின்றன, ஆணை போடுகின்றன, பிறகு அதை மாற்றுகின்றன. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நமக்கு இது அக்கறைக்குரிய விஷயமாகத் தோன்றியதில்லை. 'அவங்க உடுப்பு, அவங்க பாடு, இதுல நமக்கென்ன?' என்றுதான் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். உடுத்துகிறவரின் பாடு மட்டும் என்றால் நானும் விட்டுவிடலாம். ஆனால் சீருடை தெருவில் நடந்துவரும்போது ஒதுங்கி நிற்பவர்கள் நாம். எழுந்து இடம் தருபவர்கள் நாம். பையைத் திறந்து காட்டுபவர்களும் நாம்தான். ஓர் உடை, பார்ப்பவரின் உடம்பில் இத்தனை அசைவுகளை உண்டாக்குகிறது என்றால் அதைப் பற்றிப் பேசும் உரிமை பார்ப்பவருக்கும் உண்டு.

நான் வசிப்பது வானகரத்தில். அம்பத்தூர் வழியாக வடமேற்கே போனால் ஆவடி. அங்கே 1961இல் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. ஓ.சி.எஃப். என்றால் இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாட்டின் வடகோடியில் பனியில் நிற்கிற சிப்பாயின் சட்டையை இங்கே நம்முடைய அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும் தைக்கிறார்கள். அதே ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸின் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் அணிகள், விமானப்படை நிலையம் என்று வரிசையாக இருக்கின்றன. மேற்கே பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் படை தங்கிய காலத்தின் மிச்சமாக 'கண்டோன்மென்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆவடி என்ற பெயரே ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளின் கோவை என்று ஒரு கதை உலவுகிறது, நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பெயருக்குக்கூட உடுப்பு மாட்டிப் பார்க்கும் மனசை அந்தக் கதை காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பக்கத்துப் பேருந்துகளில் போகிறவர்களுக்குச் சீருடை வாசிப்பு கைவந்த கலை. மிலிட்டரியா, சி.ஆர்.பி.யா, பட்டாலியனா என்று தொப்பியையும் பெல்ட்டையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தமிழ்ப் பேச்சுவழக்கிலும் இந்த உடுப்பின் தடயங்கள் நிறைய: கறிச்சோறு போடும் கடை 'மிலிட்டரி ஓட்டல்', முன்னாள் சிப்பாயின் குடும்பம் மூன்று தலைமுறைக்கும் 'மிலிட்டரிக்காரர் வீடு', 'காக்கிச்சட்டை' என்றால் துணி இல்லை, ஆள். ஆகுபெயருக்கு இலக்கண வகுப்பில் வேறு உதாரணம் தேட வேண்டாம். உடை ஆளாகிவிடும் இந்த இடத்திலிருந்துதான் நம் பிரச்சினை தொடங்குகிறது.

2

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 140ஆவது பிரிவு ஒன்று இருந்தது. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அதைப்போன்ற உடையையோ அணிந்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 168ஆவது பிரிவு. அபராதம் மட்டும் 2000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் 6ஆவது பிரிவும் உடுப்பைப் பற்றிப் பேசுகிறது. அது தடைசெய்யப்பட்ட இடங்களுக்குள் நுழைவதற்காகவும் அரசின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கங்களுக்காகவும் சீருடையை அனுமதியின்றிப் பயன்படுத்துவது பற்றியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தச் சட்டங்கள் எல்லாம் போலியைப் பற்றியே கவலைப்படுகின்றன. 'நம்ப வேண்டும் என்ற எண்ணம்' என்பதுதான் அவற்றின் அச்சாணி. அதனால்தான் சினிமாவில் நடிகர் மேஜராக வரலாம். தெருவில் அதே உடுப்பில் பணம் வசூலிக்க முடியாது. அசல் சிப்பாய் தெருவில் எப்படி வர வேண்டும் என்பதை இவை தொடுவதில்லை. அது படையின் உள்விவகாரமாக, அதன் ஒழுங்குவிதிகளுக்கும் அவ்வப்போதைய உத்தரவுகளுக்கும் விடப்பட்டிருக்கிறது. அதாவது, குறி பொய்யாகக் கூடாது என்று சட்டம் காவல் காக்கிறது. மெய்யான குறி தெருவில் என்ன செய்கிறது என்று அது கேட்பதில்லை.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடை அணிந்து வந்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து, பொதுமக்கள் ராணுவப் பாணி உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் புதிய போர்ச்சீருடை அறிமுகமானது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்த அந்தக் கோலத்தை அதே ஆண்டு அக்டோபரில் ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. பச்சையும் பழுப்புமான அந்தப் புள்ளிகள் இனி அறிவுசார் சொத்து. அனுமதியின்றி நெய்தால், விற்றால் வழக்கு.

வானகரம் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவர் போட்டிருக்கும் 'மிலிட்டரி கலர்' கால்சட்டையை யாரும் சிப்பாயின் உடை என்று நம்பப்போவதில்லை. அவர் அதைப் போடுவது அழுக்கு தெரியாது, சீக்கிரம் கிழியாது என்பதற்காக. மறைந்துகொள்ளக் கண்டுபிடித்த கோலம் அழுக்கை மறைக்கப் பயன்படுகிறது. ஒரு குறி மக்களிடம் வந்து சேரும்போது அர்த்தம் இப்படித்தான் நழுவிப்போகிறது. அரசு நழுவவிடாமல் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறது. காடுமலைகளில் பார்வையிலிருந்து மறைவதற்கென்று பிறந்த உடை, தெருவில் பார்வைக்கென்றே உடுத்தப்படுவதும், பிறகு ஒரு வணிகச் சின்னத்தைப்போலப் பதிவு செய்யப்படுவதும் தன்னளவிலேயே ஒரு முரண்.

ரொலான் பார்த் இந்த இடத்தில் நமக்கு உதவுவார். 1957இல் வெளிவந்த 'புராணிகங்கள்' நூலில் அவர் அலசும் ஒரு படம் பிரசித்தமானது: பாரி மாட்ச் இதழின் அட்டையில் பிரெஞ்சுச் சீருடை அணிந்த ஒரு கறுப்பினச் சிறுவன் சல்யூட் அடிக்கிறான். முதல் தளத்தில் அது ஒரு பையன் வணக்கம் வைக்கும் படம், அவ்வளவுதான். இரண்டாம் தளத்தில் அந்தப் படம், 'பாருங்கள், எங்கள் பேரரசில் நிறபேதம் இல்லை, இவனே சாட்சி' என்று பேசத் தொடங்குகிறது. பையனின் ஊர், பெயர், பசி எல்லாம் வடிந்துபோய் உடுப்பு மட்டும் பேசுகிறது. பேரரசு என்ற வரலாறு, இயற்கை மாதிரி ஆகிவிடுகிறது. தெருவில் வரும் சீருடைக்கும் இந்த இரண்டாம் தளம் உண்டு. அது யாரிடம் என்ன பேசுகிறது என்பதே என் கேள்வி.

3

சீருடைக்காக ரத்தம் சிந்திய வரலாறு நமக்கு வெகுதூரத்தில் இல்லை. வானகரத்தைத் தொட்டுச்செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர். 1805 நவம்பரிலும் அதையடுத்த மாதங்களிலும் மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் கீழ் புதிய உடைவிதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பியைப்போல் தோன்றுகிற, தோல் பட்டயம் வைத்த புதிய தலையணி. மறுத்த சிப்பாய்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை அதே நாளில் அதை நசுக்கியது. கொல்லப்பட்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். பின்னர் உடைவிதிகள் திரும்பப்பெறப்பட்டன. 1807இல் ஆளுநர் பென்டிங்கும் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டார்கள்.

தேசிய வரலாற்றுச் சொல்லாடல் இதை 1857க்கு ஒத்திகையாக வாசிக்கிறது. கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஏற்றப்பட்ட திப்புவின் கொடி என்று அதற்கு அரசியல் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. நான் வேறொரு நுனியைப் பிடிக்க விரும்புகிறேன். புதிய தலையணியோடு வெளியே போனால் உறவுக்காரர்கள் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்ற அச்சம் சிப்பாய்களிடம் இருந்ததை அக்காலப் பதிவுகள் காட்டுகின்றன. பரேடில் நிற்பது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கடைத்தெருவில் நடப்பதுதான் பிரச்சினை; வீட்டுத் திண்ணையில் உட்காருவதுதான் பிரச்சினை. சீருடை எங்கே கனக்கிறது என்றால், பொது இடத்தில்.

மிஷேல் ஃபூக்கோ தண்டனை குறித்த தன் நூலில் சிப்பாயின் உடலைப் பற்றிச் சொல்வது இதோடு பொருந்தும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரன் என்பவன் நிமிர்விலும் நடையிலும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறவன். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்குள் வீரன் என்பவன் செய்யப்படக்கூடிய பொருளாகிவிட்டான்: களிமண் மாதிரி ஓர் உடலை எடுத்து, பிசைந்து, நிமிர்த்தி, சிப்பாயாக வார்த்துவிடலாம். கிரடாக்கின் விதிகள் இந்த வார்ப்புவேலையின் மதராஸ் அத்தியாயம். மீசையின் அளவுவரைக்கும் வந்துவிட்ட அதிகாரம், சிப்பாயை அவன் சொந்தத் தெருவிலிருந்து உரித்து எடுக்கப் பார்த்தது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. அழிக்கச் சொன்னது எதை? சாதிக்குறியை. நெற்றியில் குறி வைத்துக்கொள்ள உரிமை பெற்றவர்களுக்கு அது இழப்பு. அந்த உரிமையே இல்லாதவர்களுக்கு?

4

சாதி குறித்த தன் நூலில் ஹட்டன் ஒரு பட்டியல் தருகிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த 8 தடைகள் அவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. எட்டில் பெரும்பாலானவை உடுப்பையும் உடம்பையும் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். சாதி என்பது கிராமத்தின் எழுதப்படாத சீருடை ஒழுங்கு. யார் எவ்வளவு துணியோடு தெருவில் வரலாம் என்பதே அதன் விதிப்புத்தகம்.

இந்தத் தெருவில் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வரும் ஒரு தலித் சிப்பாய், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கால்சட்டை, காலில் பூட்ஸோடு நடந்தால் அவர் ஒரே நேரத்தில் எத்தனை தடைகளை மிதிக்கிறார் என்று எண்ணிப்பாருங்கள். மதராஸ் சாப்பர் படையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் சேர்ந்ததற்கும், அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்ததற்கும் பின்னால் சம்பளம் மட்டும் இல்லை. அரசின் உடுப்பு, ஊரின் உடுப்புவிதியை ஒரு மாத விடுப்புக்காவது செல்லாததாக்கியது. ஆகவே 'சீருடை என்பது அதிகாரத்தின் அடையாளம், கழற்றி எறி' என்று நம்மைப்போன்றவர்கள் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கழற்றினால் உள்ளே என்ன உடுப்பு மிச்சமிருக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அந்தப் பாதுகாப்பும் எவ்வளவு தூரம் வரும்? 1946 பிப்ரவரியில் ஐசக் உட்டார்ட் என்ற கறுப்பின அமெரிக்கர் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தெற்குக் கரோலினாவில் போலீஸ் அவரைக் கீழே இறக்கி அடித்தது. இரண்டு கண்களும் போயின. உலகப்போரில் தேசத்துக்காக அணிந்த உடுப்பு உள்ளூர் போலீஸின் உடுப்பு முன்னால் செல்லவில்லை. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு தலித் ராணுவ வீரர் குதிரையில் மாப்பிள்ளை ஊர்வலம் போனபோது கல்லெறிந்தார்கள். அன்று அவர் சீருடையில் இல்லை. மாப்பிள்ளை உடையில் இருந்தார். முகாமில் கிடைத்த மரியாதை துணியோடு ஒட்டியது. துணியைக் கழற்றியதும் சாதி தன் கணக்கைத் திறந்துவிட்டது. மரியாதை ஆளுக்கு இல்லாமல் உடைக்கு மட்டும் என்றால் இப்படித்தான் ஆகும்.

5

இன்னொரு வாசிப்பு, நம் மொழிக்குள்ளேயே இருப்பது. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று சொல்லும் அளவுக்குப் படைக்கு ஆள் அனுப்புவதால் 'ராணுவப்பேட்டை' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. அங்கே இந்திய ராணுவச் சீருடை என்றால் மாதச் சம்பளம், கேன்டீன் அட்டை, பென்ஷன், பெண் பார்க்கும்போது ஒரு தகுதி. அதே சீருடையை யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழர் எப்படி வாசிப்பார்? 1987இல் அமைதிப்படை என்ற பெயரில் அது அங்கே போனது. மெட்ராஸ் ரெஜிமென்டின் தமிழ்ச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்காக அவர்மீது பாய்ந்தவர்கள் இன்றும் பாய்கிறார்கள்.

அந்த முடிவின் சரி தவறை இங்கே விவாதிக்க வரவில்லை. ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்களில் ஒரே உடுப்புக்கு இரண்டு அர்த்தங்கள். ஓர் ஊரின் பெருமிதம் இன்னோர் ஊரின் பேய்க்கனவு. சீருடைக்குள்ளேயே ஓர் அர்த்தம் பொதிந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அர்த்தம் துணியில் இல்லை. அந்த உடுப்பு உங்கள் வாசலுக்கு எதற்காக வந்தது என்பதில் இருக்கிறது.

2009 மேக்குப் பின் இலங்கையின் வடக்கில் நடந்தது இதைவிட நுட்பமானது. போர் முடிந்தும் சீருடை திரும்பிப் போகவில்லை. ராணுவம் தோட்டம் போட்டது, கடை வைத்தது, காங்கேசன்துறையில் விடுதி நடத்தியது. முன்பள்ளி ஆசிரியைகளில் பலர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். துப்பாக்கி நீட்டுகிற சீருடையை எதிர்க்கலாம். காய்கறி விற்கிற, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் தருகிற சீருடையை என்ன செய்வது? படைத்துறையின் இருப்பு அன்றாடமாகிவிடுவது, கண்ணுக்கு உறுத்தாமல் போய்விடுவது. பார்த் சொன்ன இயற்கையாக்கம் இதுதான்.

6

வெளிநாட்டு ராணுவங்கள் இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்லியிருக்கின்றன? 2008இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் விமானப்படையினர் ஏச்சுக்கு ஆளானதால், ஊருக்குள் சீருடையில் போக வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. விஷயம் வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டு அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை, படையினர் பொது இடங்களில் மேலும் அதிகமாகச் சீருடை அணிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜெர்மனியில் 2020 ஜனவரி 1 முதல் படைவீரர்களுக்கு ரயில் பயணம் இலவசம்; நிபந்தனை, சீருடையில் வர வேண்டும். டிக்கெட் கொடுத்துப் பார்வையை வாங்குகிற ஏற்பாடு இது. கனடாவில் 2014 அக்டோபரில் சில நாள் இடைவெளியில் இரண்டு படைவீரர்கள் கொல்லப்பட்டதும், பணியில் இல்லாதபோது பொது இடங்களில் சீருடை வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

ஆக, விவாதம் இரண்டே சொற்களுக்கு நடுவில் ஊசலாடுகிறது: கௌரவம், பாதுகாப்பு. கௌரவம் முக்கியம் என்றால் போட்டுக்கொள். ஆபத்து என்றால் கழற்று. பாதுகாப்பு வாதமும் முழுசாக நிற்பதில்லை. 2013 மேயில் லண்டன் வூலிச்சில் கொல்லப்பட்ட லீ ரிக்பி சாதாரண உடையில் இருந்தவர். 2017 மேயில் காஷ்மீரில் உறவினர் கல்யாணத்துக்கு விடுப்பில் போன இளம் அதிகாரி உமர் ஃபயாஸ் கடத்திக் கொல்லப்பட்டார். தேடி வருகிறவனுக்கு உடுப்பு தேவைப்படவில்லை. சீருடை இல்லாத நேரத்திலும் ஆளை உடுப்பாகவே பார்ப்பது என்ற விஷயத்தில் அரசும் அதன் எதிரிகளும் ஒன்றுபடுகிறார்கள். ஒரு பக்கம் அவர் தேசத்தின் சின்னம், மறுபக்கம் அடிக்க வேண்டிய சின்னம். கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்த ஒரு பையன் என்பது இரண்டு வாசிப்பிலும் காணாமல் போகிறது.

7

இனி தலைகீழான பக்கத்தைப் பார்க்க வேண்டும். 'மஃப்டி' என்று சொல்கிறோமே, அது அரபுச் சொல். இஸ்லாமியச் சட்ட அறிஞரைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் அணிந்த சாதாரண உடைக்கு இது கிண்டல் பெயராக ஆனது. நீண்ட அங்கியும் குல்லாவுமாக அவர்கள் உலாவியது நாடக மேடை முஃப்தியைப்போல் இருந்ததாம். ஓய்வின் உடையாகப் பிறந்த சொல் தமிழில் வந்து சேரும்போது அர்த்தம் புரண்டுவிட்டது. 'மஃப்டி போலீஸ்' என்றால் ஓய்வில் இருக்கிற போலீஸ் என்று யாராவது நினைப்போமா? வேலையில் இருக்கிற, ஆனால் வேலையில் இருப்பது தெரியாத போலீஸ்.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பார்த்த காட்சி ஒன்று இருக்கிறது: போலீஸ் வேன்மேல் மஞ்சள் டி-ஷர்ட்டோடு படுத்துத் துப்பாக்கியால் குறிபார்க்கும் ஓர் ஆள். அந்த மஞ்சள் சட்டை நம்மைத் திடுக்கிட வைத்தது ஏன்? காக்கி சுடும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். சட்டையில் பெயர் இல்லை, எண் இல்லை, பதவிப் பட்டை இல்லை. சுட்டது யார் என்று கேட்டால் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்துச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 தேர்தல் நேரத்தில் தில்லியில் ஓர் ஆளுங்கட்சி எம்.பி. ராணுவப் பாணி உடையில் பைக் ஊர்வலம் போனார். படைவீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. தலைமை அமைச்சர் தீபாவளிக்குப் படைமுகாம்களில் ராணுவ உடையில் படமெடுத்துக்கொள்கிறார். கொண்டாட்டம் இருக்கும் இடத்திலெல்லாம் சீருடை. சுடுகிற இடத்தில் மஞ்சள் டி-ஷர்ட். கும்பிட வேண்டிய நேரத்தில் உடுப்பு கண்ணைப் பறிக்கிறது, பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் காணாமல் போகிறது. சீருடையைத் தெருவில் அணியலாமா என்ற கேள்வியின் நிஜமான வடிவம் எனக்கு இங்கேதான் கிடைக்கிறது.

'ராணுவம் வேறு, போலீஸ் வேறு, ரெண்டையும் ஏன் குழப்புறீங்க?' என்று கேட்கலாம். சட்டப்படி வேறுதான். ஆனால் கைது செய்யும் காவலர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறியது. பெயர்ப்பட்டை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ராணுவத்தைப் பொறுத்தவரை, 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள பகுதியில் பெயர் தெரிந்தாலும் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2004 ஜூலையில் இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் உடையைக் களைந்து நின்றது இந்தச் சுவருக்கு முன்னால்தான். பதில் சொல்லாத உடுப்புக்கு எதிரே, உடுப்பே இல்லாத உடலைக் கேள்வியாக நிறுத்தினார்கள்.

8

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. தொல்காப்பியப் புறத்திணையில் போர் என்பது பூக்களால் சொல்லப்படுகிறது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி. மண்ணாசையில் படையெடுத்தால் வஞ்சி. கோட்டையை வளைத்தால் உழிஞை. எதிரெதிர் நின்று பொருதால் தும்பை. வென்றால் வாகை. இவை போக, யாருடைய ஆள் என்று தெரிய மூவேந்தருக்கும் தனித்தனிப் பூ: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. ஆக இரண்டு குறிகள். ஒன்று ஆள் யாருடையவன் என்று சொல்கிறது. மற்றது அவன் இப்போது என்ன காரியம் செய்ய வந்திருக்கிறான் என்று சொல்கிறது. வெட்சி சூடியவன் வந்தால் மாடு போகப்போகிறது என்று அர்த்தம். காரியம் முடிந்தால் பூ வாடிவிடும்.

பொற்காலம் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. விளைந்த வயலை எரித்ததையும் புகழ்ந்து பாடிய மரபுதான் அது. நான் எடுத்துக்கொள்வது குறியியலை மட்டும். நவீன சீருடை முதல் குறியை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொலைத்துவிட்டது. அது 'யாருடைய ஆள்' என்று உரக்கச் சொல்கிறது. 'என்ன செய்ய வந்தாய்' என்பதற்கு வாய் திறப்பதில்லை. வாடாத பூவாக, எந்தக் காரியத்தோடும் ஒட்டாத நிரந்தர மரியாதையாக அது மாறிவிட்டது.

எனவே என் நிலைபாட்டை இப்படிச் சொல்கிறேன். விடுப்பில் வரும் சிப்பாய் எந்த உடுப்பில் வர வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தலித் தெருவில் பூட்ஸோடு நடக்க விரும்பினால் நடக்கட்டும். லுங்கியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார விரும்பினால் உட்காரட்டும். கௌரவத்தின் பெயரால் போடச் சொல்வதும், போடாததால் தேசப்பற்றைச் சந்தேகிப்பதும் ஒரு மனிதரை 24 மணி நேரமும் விளம்பரப் பலகையாக நிற்கவைப்பது. மேடை, தேர்தல், பள்ளிக்கூடம் ஆகிய இடங்களில் சீருடைக்கு வேலை இல்லை. ஆனால் அரசின் பெயரால் யார் ஒருவர் பொதுமக்களின் நடுவே ஆயுதத்தோடு வந்தாலும், ராணுவமோ போலீஸோ, அவர் முழுச் சீருடையில், பெயரும் எண்ணும் தெரிய வர வேண்டும். அங்கே மஃப்டிக்கு இடம் கிடையாது.

இதைச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் படையினர் மட்டுமில்லை. பார்க்கிற நமக்கும் ஒரு பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. சீருடையைக் கண்டதும் கை கூப்புவதற்கோ நடுங்குவதற்கோ முன்னால், அதன் நெஞ்சில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மதிப்பும் அதிலிருந்துதான் தொடங்க முடியும், வழக்கும் அதிலிருந்துதான் தொடங்க முடியும்.